இரண்டாவது ஸ்லாட்

எனது பெயரும் தகப்பனார் பெயரும் இந்தத் தாளின் தலைப்பில் ஏட்டய்யா எழுதியுள்ளபடி சரி. வயது நாற்பத்தொன்று. தையல் கடைக்கு மேலே முதல் மாடியில், முன்னறை ஸ்டூடியோவாகவும் பின்னால் உள்ள இரண்டு அறைகள் வீடாகவும் இருக்கும் இடத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். தொழில் புகைப்படம். அவர் படம் எடுப்பார். நான் வெளிச்சம் பிடிப்பேன், பிறகு படங்களைச் சரிபார்த்து ஆல்பம் கட்டுவேன். தெருவில் ஸ்டூடியோ அக்கா என்று கேட்டால்தான் என் வீட்டைக் காட்டுவார்கள். என் கணவருக்கு உடனடி என்று பெயர். எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே பென் டிரைவில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டுத்தான் அவர் பையை மூடுவார், அதனால் வந்த பெயர்.

என்னை யாரும் அழைக்கவில்லை. இன்று புதன்கிழமை காலை நானாகவே நிலையத்துக்கு வந்தேன். காணாமல்போன கிளப் கோப்பை கிடைத்துவிட்டதால் நாலு வரியில் சுருக்கமாகச் சொன்னால் போதும் என்று ஏட்டய்யா சொன்னார். சுருக்கினதால் வந்த வினைதான் இது, முழுசாகத்தான் சொல்வேன் என்று நான் சொன்னேன். ஆய்வாளர் மேடம், "சொல்லட்டும், எழுதுங்க" என்றார். ஆகவே சொல்கிறேன்.

கேமராவில் படத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஜேபெக் என்பது, கேமரா தானே ஒரு முடிவுக்கு வந்து, கண்ணுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு, மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சின்னதாக மடித்துக் கொடுப்பது. எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். ரா என்பது உள்ளே வந்த வெளிச்சம் அத்தனையையும் அப்படியே கொட்டி வைப்பது. பார்க்கச் சோர்ந்துபோய் இருக்கும், இடத்தை அடைக்கும், உட்கார்ந்து வேலை பார்த்தால்தான் படமாகும். ஆனால் வெளுத்துப்போன இடத்திலும் இருண்டுபோன இடத்திலும் என்ன இருந்தது என்று பிறகு பெருமளவு தோண்டி எடுத்துவிடலாம். இன்று காலை நான் இதை விளக்கியபோது ஏட்டய்யா, "அப்போ ரா-ங்கறது நீங்க பேசறது, ஜேபெக்ங்கறது நான் எழுதறது" என்றார். பதினான்கு வருடத் தொழிலில் எனக்கு இப்படிச் சொல்ல வரவில்லை.

கல்யாணமான புதிதில் நாங்கள் ராவில்தான் எடுத்துவந்தோம். ஒரு திருமணத்துக்கு நாலாயிரம் படம் எடுத்து, ஒவ்வொன்றாக நான் சரிசெய்து, ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கதவைத் தட்டியபோது மணப்பெண் ஏழு மாதக் கர்ப்பமாக வந்து திறந்தார். "இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருந்தா குழந்தை படத்தையும் சேர்த்தே போட்டிருக்கலாமே" என்று சிரித்தபடிதான் கேட்டார். என் கணவருக்கு முகம் செத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும், "இனிமே ஜேபெக் மட்டும்தான். படம்னா எடுக்கும்போதே முடிஞ்சிடணும். அப்புறம் உக்காந்து நோண்டிக்கிட்டு இருக்கக் கூடாது" என்றார். தவறு என்மேல் இருந்ததால் நான் தலையாட்டினேன். மனம் ஆடவில்லை.

அதன் பிறகு ஏழு வருடங்களுக்கு முன் இப்போதுள்ள கேமராவை வாங்கினோம். அதில் மெமரி கார்டு போட இரண்டு ஸ்லாட் உண்டு. முதல் ஸ்லாட்டில் ஜேபெக், இரண்டாவதில் ரா என்று ஒரே சமயத்தில் இரண்டையும் எழுதவைக்க முடியும். இரண்டாவது ஸ்லாட் ரிப்பேர் என்றும், அதில் கார்டு போட்டால் முதல் கார்டில் இருப்பதும் போய்விடும் என்றும் நான் என் கணவரிடம் சொன்னேன். அது பொய். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. கார்டு போடுவதும் எடுப்பதும் முதலிலிருந்தே என் வேலை. திரையின் ஓரத்தில் இரண்டு கார்டுகளும் ஓடுவதாகச் சின்ன எழுத்தில் காட்டும், அதைப் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி வேண்டும் என்பதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். வேகமாகத் தொடர்ந்து எடுத்தால் கேமரா சற்று நின்று நின்று ஓடும். "இதுக்கு மூச்சு வாங்குதே" என்பார். "உங்களுக்கும் வாங்குது, வயசாகுது இல்ல" என்று நான் சொல்லிவிடுவேன். இப்படி ஏழு வருடங்களாக ஒன்பது ஹார்டு டிஸ்க் நிறைய ரா படங்களைச் சேர்த்து, வீட்டில் ஓர் இடத்தில் ஒளித்து வைத்துள்ளேன். எதற்காக என்று மேடம் கேட்டார். எனக்குத் தூக்கிப் போட மனம் வராது, வேறு காரணம் இல்லை.

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, பேட்மிண்டன் கிளப்பின் ஆண்டுப் பரிசளிப்பைப் படம் எடுக்க இருவரும் உள்ளரங்குக்குச் சென்றோம். மேடை மேஜையில் சுழற்கோப்பை இருந்தது. ஒரு முழ உயரம், வெள்ளி, முப்பத்தெட்டு வருடமாக ஜெயித்தவர்களின் பெயர்கள் அடிப்பீடத்தைச் சுற்றி வெட்டப்பட்டிருக்கும். என் கணவர் அதைத் தனியாக எடுக்க விரும்பி, கிழக்கு ஜன்னலுக்குத் தூக்கிச் சென்று, ஜன்னல் திண்டில் வைத்து ஆறு படம் எடுத்தார். கிளப் செயலாளர் இதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அதன் பிறகு அது மேஜைக்குத் திரும்பியதை யாரும் பார்க்கவில்லை.

அதன் பிறகு வெயில் ஏறுவதற்குள் குழுப் படத்தை முடித்துவிடலாம் என்று செயலாளர் சொன்னார். கிளப் பெயர்ப்பலகை ஜன்னல்களுக்கு மேலே இருப்பதால், ஜன்னல்களைப் பின்னால் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். பின்னாலிருந்து வெயில் அடித்தால் முகம் கறுத்துவிடும், முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் ஜன்னல் வெளுத்துவிடும். என் கணவர் முகத்துக்கே வைத்தார். எந்த நிகழ்ச்சியிலும் ஆட்கள் வருவதற்கு முன் அவர் நாலைந்து சோதனைப் படம் எடுப்பது வழக்கம். அப்போது ஆட்கள் நிற்கவேண்டிய இடத்தில் நான் நிற்பேன், நடப்பேன், அங்கே கிடப்பதை ஒதுக்குவேன். அன்றும் அப்படியே செய்தேன். அன்று நான் அணிந்திருந்தது வெள்ளைச் சட்டை.

அதன் பிறகு நாற்காலிகளை அடுக்க இடம் போதாமல், ஜன்னலடியில் இருந்த அட்டைப்பெட்டிகளை விளையாட்டு வீரர்கள் மாடி சாமான் அறைக்குத் தூக்கிச் சென்றார்கள். குழுப் படம் எடுத்தோம். பரிசுகள் கொடுத்தார்கள். கடைசியாகக் கோப்பையைக் கொடுக்கத் தலைமை விருந்தினர் கையை நீட்டியபோது மேஜையில் கோப்பை இல்லை. மேடைக்கு அடியிலும் கழிவறைகளிலும் எல்லோருடைய பைகளிலும் தேடினார்கள். எங்கள் பையையும் நானே திறந்து காட்டினேன். அதன் பிறகு செயலாளர், வந்த விருந்தினரைச் சும்மா அனுப்பக் கூடாது என்று, கோப்பை இருப்பதுபோலக் கையை வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார். "அப்புறம் கம்ப்யூட்டர்ல கோப்பையை உள்ள வெச்சிக்கலாம் இல்ல?" என்று கேட்டார். இல்லாததைப் படத்தில் வைப்பதில்லை என்று என் கணவர் சொன்னாலும் எடுத்துக் கொடுத்தார். தலைமை விருந்தினரும் இரண்டு வீரர்களும் காற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டும் அந்தப் படத்தைப் பார்த்து, அந்த நேரத்திலும் நான் சிரித்துவிட்டேன். செயலாளர் அதையும் மனதில் குறித்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

என் கணவர் வழக்கம்போலப் படங்களை அங்கேயே பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார். செயலாளர் அன்று மாலை அவற்றைப் பார்த்து, கோப்பை கடைசியாக இருப்பது ஜன்னல் திண்டுப் படத்தில் என்றும், கடைசியாகத் தொட்டவர் என் கணவர் என்றும் கண்டுபிடித்தார். திங்கட்கிழமை புகார் கொடுத்தார். எங்கள் படமே எங்களுக்கு எதிராகப் போனது.

செவ்வாய்க்கிழமை என் கணவரை இங்கே அழைத்து, பத்து மணி முதல் நாலு மணி வரை பெஞ்சில் உட்காரவைத்து விசாரித்தார்கள். கோப்பையை மேஜையில் திருப்பி வைத்துவிட்டதாக அவர் சொன்னார். நான் அவரை நம்பினேன், ஆனால் அவர் ஞாபகத்தை நம்பவில்லை. அவர் அவசரத்தில் குளிர்பதனப் பெட்டிக்குள் சாவியை வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறவர். ஆகவே திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நான் அவரை விட்டுவைக்கவில்லை. "எங்கேயோ வெச்சிட்டு மறந்திருப்பீங்க. நீங்க என்னைக்கு ஒரு பொருளை எடுத்த இடத்துல வெச்சிருக்கீங்க" என்று சாப்பிடும்போதும் சொன்னேன், அவர் பல் துலக்கும்போதும் சொன்னேன். இதை நான் இங்கே சொல்லக் காரணம், பின்னால் தெரியும்.

செவ்வாய் மாலை ஒரு மணப்பெண்ணின் அப்பா போன் செய்து, அடுத்த வாரம் கல்யாணத்துக்கு நான் மட்டும் வந்தால் போதும், சார் வரவேண்டாம் என்றார். எங்கள் தொழில் எப்படி என்றால், மணப்பெண் அலங்காரம் நடக்கும் அறைக்குள், நகைப்பெட்டி திறந்து கிடக்கும்போதே நாங்கள் போய்வருவோம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். திருடன் என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் அந்தக் கதவு அவருக்குத் திறக்காது. கேமராவைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது. போனை வைத்தபோது அவர் எதிரில்தான் இருந்தார். "யாரு" என்று கேட்டார். ராங் நம்பர் என்றேன். அன்று எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

இன்று காலை அவர் மறுபடி நிலையத்துக்குக் கிளம்பிய பிறகு, ஒளித்து வைத்திருந்த ஒன்பதாவது டிஸ்க்கை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை ரா படங்களைத் திறந்தேன். கேமராவின் முதல் கார்டில் இன்னும் அழியாமல் இருந்த ஜேபெக்கில் சோதனைப் படங்களின் இடது ஓரம் துவைத்துப் போட்ட வேட்டி மாதிரி வெள்ளையாக மட்டும் இருந்தது. அதே படத்தின் ராவில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். முதலில் ஜன்னல் கம்பிகள் வந்தன. பிறகு வெளியே இருக்கும் மரம் வந்தது. பிறகு ஒரு தோள் வந்தது. திருடன் அகப்பட்டான் என்று நினைத்தேன். இன்னும் இறக்கினேன். ஒரு காது வந்தது, காதில் தோடு வந்தது. அது என் தோடு.

அடுத்தடுத்த மூன்று படங்களில் நடந்ததாவது: நான் ஜன்னல் திண்டிலிருந்து கோப்பையை எடுக்கிறேன். குனிந்து, இறகு உதிர்ந்த பழைய ஷட்டில்கள் இருக்கும் அட்டைப்பெட்டிக்குள் அதை இறக்குகிறேன். கீறல் விழாமல் இருக்க நாற்காலியில் கிடந்த யாருடைய துண்டையோ எடுத்து மேலே மூடுகிறேன். இது எனக்கு ஞாபகமே இல்லை. படத்தின் பின்னணியில் பளபளவென்று எது கிடந்தாலும் என் கை அதை அகற்றிவிடும். தண்ணீர் பாட்டில், செருப்பு, செல்போன் என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை நடக்கும். சமைக்கிறவரிடம் கரண்டியை எத்தனை முறை திருப்பினீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வார், அதுபோலத்தான். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாளாக அவரை நான் பேசிய பேச்சு அடுத்தபடியாக ஞாபகம் வந்தது.

ஒரு குறுக்கு வழி தோன்றியதையும் மறைக்கவில்லை. செயலாளருக்குப் போன் போட்டு, "சாமான் அறையில பெட்டிக்குள்ள பாருங்களேன்" என்று மட்டும் சொல்லலாம். ராவும் வெளியே வராது, என் மறதியும் வெளியே வராது. போனைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் பயந்துபோய்த் திருப்பி வைத்துவிட்டார்கள் என்றுதானே பேசுவார்கள். கோப்பை கிடைக்கும், அவர் பெயர் கிடைக்காது. ஆகவே போனை வைத்துவிட்டு, லேப்டாப்பையும் டிஸ்க்கையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன்.

இங்கே மேடம், ஏட்டய்யா, செயலாளர், என் கணவர் ஆகியோர் முன்னிலையில் படங்களைக் காட்டினேன். இன்று காலை நீங்களே தயார்செய்து கொண்டுவந்தது என்று யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள் என்று ஏட்டய்யா கேட்டார். ராவில் கேமரா எண்ணும் நேரமும் பதிவாகியிருக்கும், நான் செய்யும் திருத்தம் தனியாகத்தான் நிற்கும், மூலப்படம் மாறாது, வேண்டுமானால் கார்டையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, இரண்டாவது ஸ்லாட்டிலிருந்து கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அப்போது என் கணவர் எழுந்து, "மேடம், ஒரு நிமிஷம். தப்பா எதுவும் எழுதிடாதீங்க. அந்த ஸ்லாட் வேலை செய்யாது. ஏழு வருஷமா ரிப்பேர்" என்றார். தன்னைக் காப்பாற்ற வந்த ஒரே சாட்சியத்தைத் தானே எழுந்து நின்று உடைத்தார். அவர் அப்படிப்பட்ட ஆள். இவரைத்தான் திருடன் என்று புகார் கொடுத்திருந்தார்கள்.

மேடம் என்னைப் பார்த்தார். நான், "ரிப்பேர் இல்லைங்க. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். மேடம் முதல் ஸ்லாட்டைக் காலி செய்யச் சொல்லி, இரண்டாவதில் புதிய கார்டு ஒன்றைப் போடவைத்து, செயலாளரை ஒரு படம் எடுத்தார். படம் விழுந்தது. செயலாளர் கண்ணை மூடியிருந்தார், மற்றபடி நன்றாக இருந்தது. அதன் பிறகு ஏட்டய்யாவும் செயலாளரும் கிளப்புக்குச் சென்று, சாமான் அறையில் மூன்றாவது பெட்டியில், துண்டுக்கு அடியில், உடைந்த ஷட்டில்களுக்கு நடுவில் கோப்பையை எடுத்து வந்தார்கள். கீறல் எதுவும் இல்லை. துண்டு செயலாளருடையது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதையும் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். என் கணவரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். மணப்பெண்ணின் அப்பாவிடம் மேடமே போனில் பேசினார். கல்யாணத்துக்கு இருவரும் வரவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

என் கணவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். லேப்டாப்பைக் கொடு என்பதுபோலக் கையை நீட்டி வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போய்விட்டார். நான் இந்த வாக்குமூலத்தைச் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து, திரையை மூக்கருகே வைத்துக்கொண்டு அந்த டிஸ்க்கில் உள்ள படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் முதல் நாலைந்து படம் நான்தான். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அவர் செய்யும் முதல் காரியம் அந்தச் சோதனைப் படங்களை அழிப்பது. ராவில் அவை அப்படியே இருந்துவிட்டன. அழிப்பதற்கு அங்கே யாரும் இல்லை, அவ்வளவுதான். மணப்பெண் நாற்காலியில் நான் கொட்டாவி விடுகிறேன். யாருடைய பிறந்தநாள் கேக் முன்னாலோ கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு கம்பெனி மேடையில் மைக் முன்னால் நின்று, சீக்கிரம் எடுங்க என்று அவரைத் திட்டுகிறேன். வேலை நேரத்தில் என்னை யாரும் படம் எடுப்பதில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இந்த இடம்வரை ஏட்டய்யா எழுதி முடித்தபோது என் கணவர் பெஞ்சிலிருந்து, "ஏழு வருஷமா, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா உன்னைத்தான் அழிச்சிருக்கேன்" என்றார். குரல் சரியில்லை. நான், "எதுவும் அழியலைங்க. எல்லாம் இருக்கு" என்றேன். இதையும் எழுதவா என்று ஏட்டய்யா கேட்டார். எழுதுங்க என்று மேடம் சொன்னார்.

முழுவதையும் வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. எல்லாம் உண்மை, எதையும் குறைக்கவில்லை.

(ஒப்பம்)

என் முன்னிலையில்: காவல் ஆய்வாளர்

எழுதியவர்: ஏட்டு

சாட்சி: வாக்குமூலம் கொடுத்தவரின் கணவர். கண்ணாடி இல்லாததால், கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை மனைவி விரல் வைத்துக் காட்டினார்.